நிலம், மின்சாரம், பாதை, பணியும் தொழிலாளர்: இந்தப் பட்டியல் தங்கவயலில் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது

(நீண்ட பதிவு. தங்கவயல் உறவுகளும் கருநாடகத்தின் தொழிற்கொள்கையில் அக்கறை உள்ளோரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.)

ஆண்டுதோறும் மாநில வரவு செலவுத் திட்டம் வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில், கருநாடகத்தின் தொழில், வணிக அமைப்புகள் முதலமைச்சரைச் சந்தித்து மனு அளிக்கும் சடங்கு நடைபெறுகிறது. நாளேடுகளில் பூங்கொத்துப் படம் வரும். மனுவின் சொற்கள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன, பொருள் மாறுவதில்லை. தொழிலுக்கு விரைவாக நிலம் வேண்டும். மின்சாரம் தடையின்றியும் மலிவாகவும் கிடைக்க வேண்டும். துறைமுகம்வரை சாலையும் இருப்புப் பாதையும் வேண்டும். அனுமதிகள் ஒரே சாளரத்தில் முடிய வேண்டும். தொழிலாளர் சட்டம் ‘நெகிழ்வாக’ இருக்க வேண்டும். இவை நிறைவேறினால் வளர்ச்சி தானே வரும். பெங்களூரில் குவிந்து கிடப்பது கோலாருக்கும் பிற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழிந்தோடும் என்பது அந்த மனுக்களின் அடிப்படை நம்பிக்கை.

நான் கோலார் தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்பவன். சாம்பியன் ரீஃப் லைன் வீடொன்றில் பிறந்தவன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த மனுக்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் எண்ணம் ஒன்றுதான்: இந்தப் பட்டியலை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் வாய்க்காத அளவுக்கு, நூறாண்டுகளுக்கு முன்பே, இப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் எங்கள் ஊரில் நிறைவேற்றப்பட்டது. ஆகவே இது குறித்து ஊகம் செய்யத் தேவையில்லை. விளைவைக் காண விரும்புவோர் பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் வந்தால் போதும்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். 1870களில் லவெல் என்னும் ஐரிஷ் படைவீரர் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கக் கம்பெனிகள் அடுத்தடுத்து எழுந்தன. குத்தகை நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. பிற்காலத்தில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கைக்கு வந்த நிலம் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ஏக்கர். ‘நில வங்கி’ என்று இன்று சொல்கிறார்களே, அதன் முழு உருவம் இங்கே இருந்தது. குடியிருப்பு, சாலை, கடை, கோயில், கல்லறை எல்லாமே கம்பெனி நிலத்தில் இருந்தன. சுரங்க எல்லைக்குள் வாழ்ந்தவனுக்குத் தன் காலடி மண் சொந்தமில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்சாரம். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சேர்ந்த இடம் பெங்களூரும் அன்று, மைசூர் அரண்மனையும் அன்று, தங்கவயல் சுரங்கங்கள். அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களுள் அது ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் வகுக்கப்பட்ட அத்திட்டத்துக்கு முதலிட்டது மைசூர் அரசு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். இதை எங்கள் ஊரார் பெருமையாகச் சொல்வதுண்டு. பள்ளியில் எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். பெங்களூரை முந்தினோம் என்ற அந்தப் பெருமிதத்துக்குள் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. யாருக்காக வந்தது அந்த மின்சாரம்? சுரங்கத்தின் இயந்திரங்களுக்காகவும் ஐரோப்பியர் பங்களாக்களுக்காகவும். தொழிலாளர் லைன்களின் ஒற்றை அறைத் தட்டி வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் எரிந்தது. மின்கம்பி வீட்டுக் கூரைக்கு மேலே சென்றது, வீட்டுக்குள் இறங்கவில்லை. உள்கட்டமைப்பு வந்தால் மக்களுக்கு வசதி வரும் என்று இன்று சொல்பவர்கள், அது எந்த வாசலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருப்புப் பாதை 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம்வரை வந்தது. பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டியலில் அவையும் நிறைவேறின என்று குறித்துக்கொண்டு, நான் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

தொழிலாளர்.

வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு வந்த ஆதிதிராவிட மக்களே சுரங்கத்தின் அடித்தளம். அவர்களைப் பெரும்பாலும் கம்பெனி நேரடியாக அமர்த்தவில்லை. ஒப்பந்தக்காரரும் மேஸ்திரிகளும் அமர்த்தினார்கள். விபத்தோ கூலிப் பாக்கியோ வந்தால் ‘அவர் ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்று சொல்லிவிடலாம். உச்ச காலத்தில் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தை நெருங்கியது. கனிமச் சட்டத்தில் தங்கத் திருட்டுக்கெனத் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. சுரங்கத்திலிருந்து மேலேறி வருபவன் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கும்வரை திருடன் என்ற அனுமானமே நடைமுறையாயிற்று. கம்பெனிகளுக்குத் தனிக் காவலர்கள் இருந்தார்கள். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, குற்றவாளிகளிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தங்கவயலே வேலையை நிறுத்தியது. மூன்று வாரம் சுரங்கங்கள் அசையவில்லை. அப்போது அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் என்று ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1946இல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிக்குத் தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

‘நெகிழ்வான தொழிலாளர் சட்டம்’ என்று மனு எழுதுவோர் கேட்பதன் பழைய பெயர் இதுதான். ஒப்பந்தக்காரர் வழி ஆள்சேர்ப்பு, எளிதில் நீக்கும் உரிமை, கண்காணிப்பு, சங்கமின்மை. சொல் மட்டுமே புதிது.

நுரையீரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது எங்கள் சுரங்கங்களில்தான். 1940களில் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்த ஆய்வில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் அந்நோய் காணப்பட்டது. அன்றைய மருத்துவ இதழ்களில் அது அறிவியல் செய்தி. எங்கள் வீடுகளில் அதன் பெயர் ‘மூச்சு’. “அவருக்கு மூச்சு” என்றால் எல்லோருக்கும் புரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவு முழுவதும் உறங்க முயன்ற தாத்தாக்களை என் தலைமுறையில் பார்க்காதவர் எவருமில்லை.

சரி, ஈன்ற செல்வம் எங்கே சென்றது? நூற்றிருபது ஆண்டுகளில் தோண்டி எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். கம்பெனி ஆட்சிக்காலத்து இலாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போயிற்று. மைசூர் அரசுக்கு அகழ்வுரிமைத் தொகை கிடைத்தது; சமஸ்தானத்தின் வருவாயில் அது குறிப்பிடத்தக்க இடம் பெற்றிருந்தது. ‘மாதிரி சமஸ்தானம்’ என்ற புகழுக்குப் பின்னால் தங்கவயலின் இருட்டும் இருக்கிறது என்பதை மைசூர்ப் பெருமை பேசுவோர் நினைவுகூர்வதில்லை. விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, அவர் முன்முயற்சியால் 1916இல் மைசூர் வணிகச் சபை தோன்றியது. இன்றைய எஃப்.கே.சி.சி.ஐ. கூட்டமைப்பின் மூலவேர் அதுவே. சமஸ்தானத்தின் மிகப் பெரிய தொழில் அப்போது தங்கவயலில் நடந்துகொண்டிருந்தது. அச்சபையின் நூறாண்டு மரபு தங்கவயலிலிருந்து என்ன பாடம் பெற்றது என்று அதன் இன்றைய வழித்தோன்றல்களிடம் கேட்க எனக்கு விருப்பமுண்டு.

ஊரில் எஞ்சியவை பெரும்பாலும் தொழிலாளர் தாமே உண்டாக்கிக்கொண்டவை. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழைத் தாங்கிப் பிடித்தது மாரிக்குப்பத்துப் பௌத்தச் சங்கம். அவர் மறைவுக்குப் பின் 1926இல் அவ்விதழை மீண்டும் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்துதான் நூல்களைப் பதிப்பித்தது. பாறையைக் குடைந்துவிட்டு மேலேறி வந்த கைகள் அச்சுக் கோத்தன. எந்தக் கம்பெனி அறிக்கையிலும் இந்த ‘உற்பத்தி’ இடம்பெறவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும் என்பதை அறிவேன். “வெள்ளைக்காரன் காலத்தை விடு. 1956இல் சுரங்கங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் ஒன்றிய அரசு. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். அரசுடைமையானதால்தானே நட்டம் வந்தது, 2001இல் மூடவும் நேர்ந்தது? தனியார் கையில் இருந்திருந்தால்?” தொழில் அமைப்புகளின் மேடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன், எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் கேட்டிருக்கிறேன்.

ஆழமும் தாதுவின் தரக்குறைவும் பொய்யல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்ட சுரங்கத்தில் ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் தொடக்க காலத்தோடு ஒப்பிட மிகவும் சுருங்கிவிட்டது; பாறை வெடிப்பு ஆபத்தும் மிகுந்தது. ஆனால் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அரசுடைமையான பின் நெடுங்காலம் தங்கவயல் எடுத்த தங்கத்தை ஒன்றிய அரசு பன்னாட்டு அதிகாரப்பூர்வ விலையில் பெற்றுக்கொண்டது. உள்நாட்டுச் சந்தை விலை அதைவிட வெகு உயரத்தில் இருந்தது. நகைக்கடையில் ஒரு விலை, சுரங்க வாசலில் வேறொரு விலை. அந்த இடைவெளிதான் நட்டக் கணக்கில் தொழிலாளியின் சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது. அதே கருநாடகத்தில், ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கம் மாநில அரசின் நிறுவனமாகவே இன்றும் தங்கம் எடுக்கிறது. அரசு நடத்தினாலே நட்டம் என்ற சூத்திரத்துக்கு அது போதுமான விடை.

2001 பிப்ரவரி இறுதியில் கதவு மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே நின்றனர். அப்போது பன்னாட்டுச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழ். 2025இல் அது 4,000 டாலரைத் தாண்டியது. நீரிறைக்கும் பொறிகளை நிறுத்தியதால் சுரங்கங்கள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. 1965இல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில்தான் இந்திய, ஜப்பானிய, பிரிட்டானிய அறிவியலாளர் குழு வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டது. உலக இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற ஆழம் அது. அதுவும் நீருக்கடியில். பாறை இயக்கவியலுக்கென 1988இல் தங்கவயலில் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வு நிறுவனமும் பின்னர் பெங்களூருக்கு நகர்ந்துவிட்டது. தங்கம் போன வழியிலேயே அறிவும் போயிற்று.

மிஞ்சியது என்ன? சைனைடு மேடுகள். தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு, பதின்மூன்று குவியல்கள், மூன்று கோடி டன்னுக்கு மேல். வெளியூரார் அவற்றின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். திரைப்படக் குழுக்கள் வருகின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தச் சாம்பல் நிறத் தூள் எங்கள் சோற்றில் விழுகிறது. மற்றொன்று, விடியற்காலை ரயில். ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஏறிப் பெங்களூர் சென்று, கட்டடப் பணி, காவல் பணி, கடைப் பணி, கணினி நிறுவன வேலை முடித்து இரவு திரும்புகிறார்கள். 1894இல் இயந்திரம் கொண்டுவர இட்ட இருப்புப் பாதை இன்று மனிதரை ஏற்றிச் செல்கிறது. ‘பெங்களூருக்கு அப்பால்’ என்ற அரசு முழக்கத்தை இந்த ரயிலின் நெரிசலில் நின்றுகொண்டு வாசிப்பது தனி அனுபவம்.

இனி இன்றைய செய்திக்கு வருவோம். கருநாடகத்தின் 2025-30 தொழிற்கொள்கை ஏழரை லட்சம் கோடி ரூபாய் முதலீட்டையும் இருபது லட்சம் வேலைகளையும் இலக்காகச் சொல்கிறது. பெங்களூர்-சென்னை விரைவுச் சாலை தங்கவயலை ஒட்டிச் செல்கிறது. சுரங்க நிறுவனத்தின் பயன்படாத நிலத்தில் 3,200 ஏக்கர் அளவில் தொழிற்பூங்கா அமைக்கும் பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. 2024 ஜூனில், 1,003 ஏக்கரில் பரவிய அந்தப் பதின்மூன்று கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை இசைவு தந்தது. கழிவுக்குள் கிடக்கும் எஞ்சிய தங்கம்கூட இன்றைய விலையில் இலாபம். நிலம், சாலை, கனிமம் மூன்றும் மறுபடியும் மேசைமேல் வந்துவிட்டன. தொழில் அமைப்புகளுக்கு மகிழ்ச்சி. எங்கள் ஊர் வணிகர்களும் மகிழ்கிறார்கள்; ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மந்தமாக நடக்கும் வியாபாரம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பக்கத்து நரசாப்பூரைப் பாருங்கள். கோலார் மாவட்டத்தின் ‘வெற்றிக் கதை’ அது. ஐபோன் கோத்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று நடந்தது நினைவிருக்கும். பேசிய ஊதியம் வரவில்லை என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். கண்ணாடிகளும் பொறிகளும் உடைந்தன. பெரும்பான்மையோர் ஒப்பந்தக்காரர் வழி வந்தவர்கள். தொடக்கத்தில் 437 கோடி ரூபாய் இழப்பு என்று புகார் எழுதப்பட்டது. சில நாள்களிலேயே அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு அளித்த மதிப்பீடு அதில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மாநிலத்தின் ‘முதலீட்டு நற்பெயர்’ பற்றித் தொழில் வட்டாரம் கவலைப்பட்டது. ஊதிய விதிகள் மீறப்பட்டதைத் தொழிலாளர் துறையின் ஆய்வும் கண்டது. ஆப்பிளே அந்நிறுவனத்தைக் கண்காணிப்பில் வைத்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற பழைய சொல் தங்கவயலிலிருந்து நரசாப்பூருக்கு நடந்தே சென்றுவிட்டது. இதிலிருந்து அரசு பெற்ற பாடம்? 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வேலை வாங்க வழி செய்தது. ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் வலியுறுத்தியதாக அப்போதே செய்தி வந்தது.

மற்றொரு நாடகம் 2024 ஜூலையில் நடந்தது. தனியார் நிறுவனங்களில் மேலாண்மைப் பணிகளில் பாதியையும் பிற பணிகளில் எழுபது விழுக்காட்டையும் ‘உள்ளூர்’ மக்களுக்கு ஒதுக்கும் சட்ட முன்வரைவை அமைச்சரவை ஏற்றது. நாஸ்காம் உள்ளிட்ட தொழில் அமைப்புகள் எதிர்த்தன; நிறுவனங்கள் வெளியேறும் என்றன; இரண்டொரு நாளில் அரசு பின்வாங்கியது. இரு தரப்பையும் தங்கவயலில் அமர்ந்து கவனித்தேன். ‘உள்ளூரார்’ என்பதற்கு முன்வரைவு சொன்ன இலக்கணம்: மாநிலத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருத்தல். ஐந்து தலைமுறையாக இம்மண்ணுக்கு அடியில் இறங்கி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை, தான் உள்ளூரான் என்பதை மெய்ப்பிக்கத் தேர்வு எழுத வேண்டும். கன்னடம் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் கற்றேன், என் ஆய்வில் பாதி கன்னட ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் தொழில் அமைப்புகள் எதிர்த்தது எங்களுக்காக அன்று. எந்த ஊரானுக்கும் கடமைப்படாமல் ஆள் எடுக்கும் உரிமைக்காக. ஒருவருக்கு நாங்கள் அந்நியர். மற்றவருக்கு மலிவான கை. இரண்டுக்கும் நடுவே தங்கவயல் நிற்கிறது.

“அப்படியானால் ஆலையே வேண்டாமா? பிள்ளைகள் பட்டினி கிடக்கட்டுமா?” என்று கேட்பீர்கள். சென்ற மாதம் என் உறவினர் ஒருவர் இதையே, சற்றுக் கோபத்தோடு, கேட்டார்: “நீ பட்டம் வாங்கிட்ட, பேசுவ. எம் பையன் நாலு மணிக்கு எழுந்து ரயில் புடிக்கிறான். ஊர்லயே வேலை வந்தா உனக்கென்ன நோவு?” அவர் கோபம் நியாயமானது. ஆலை வேண்டும். நல்ல ஆலைக்கு எடுத்துக்காட்டும் எங்கள் ஊரிலேயே உண்டு: 1964இல் அமைந்த பெமல். நிரந்தர வேலை, பயிற்சி, குடியிருப்பு, சங்கம் எல்லாம் இருந்தன. சுரங்கம் மூடிய பின்னும் இந்த ஊர் முழுவதுமாகச் சிதையாததற்கு அந்த ஒரு நிறுவனம் பெரிய காரணம். என் வழக்கு ஆலைக்கு எதிரானதன்று. பட்டியலின் வரிசைக்கு எதிரானது. வளர்ச்சியின் முன்னுரிமைகள் என்று முதலாளிக்குத் தேவையானவை முதலில் எழுதப்படுகின்றன. ஊருக்குச் சேர வேண்டியது ‘பயன் தானே வழியும்’ என்ற எழுதப்படாத கடைசி வரியில் விடப்படுகிறது. தங்கவயலில் நூற்றிருபது ஆண்டுகள் காத்திருந்தோம். வழியவில்லை.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்கிப் பேச வேண்டும். 3,200 ஏக்கரை எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்குவதற்கு முன், லைன் வீடுகளில் வாழும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் நிற்கும் மண்ணின் உரிமைப் பத்திரம் வழங்கப்பட வேண்டும். மூடல் காலத்திலிருந்து இழுபடும் இந்தச் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. முதலீட்டாளருக்கு மாதக்கணக்கில் தீர்க்கப்படும் நிலவுரிமை, பாட்டன் காலத்திலிருந்து குடியிருப்பவனுக்கு ஏன் கால் நூற்றாண்டாகத் தீரவில்லை என்பதை எந்த ஒற்றைச் சாளரத்தில் போய்க் கேட்பது?

கழிவு மேடுகளைக் கிளறுவதற்கு முன் அவற்றின் தூசி எங்கே போகும், நீர் எங்கிருந்து வரும், சைனைடு கலந்த நீர் எங்கே விடப்படும் என்பவற்றை ஊர் மக்கள் முன் தமிழிலும் கன்னடத்திலும் வைத்துப் பொது விசாரணை நடத்த வேண்டும். தங்கம் பிரித்த பின் மிஞ்சும் கழிவு மறுபடியும் வேறொரு மேடாகத்தான் எழும். அது யார் வீட்டுப் பின்புறம் என்பதே கேள்வி. 2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி அகழ்வுரிமைத் தொகையைச் சார்ந்த ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும். இந்த மேடுகளிலிருந்து அப்படி வரும் ஒவ்வொரு ரூபாயும் மாவட்டத் தலைநகரில் கட்டடமாக மாறாமல் தங்கவயலிலேயே செலவிடப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

அப்புறம் நுரையீரல். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸுக்காகக் கூட்டு வழக்குத் தொடுத்தனர். ஆறு பெரும் சுரங்க நிறுவனங்கள் 2018இல் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு இறங்கிவந்தன. 2019இல் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் அதை ஏற்றது. 1965 முதல் அச்சுரங்கங்களில் வேலை செய்தவர்களும், இறந்துபோனோரின் குடும்பங்களும் அதில் அடக்கம். சுரங்க வேலையை விட்டுப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஊர் திரும்பியவர்களைக்கூடத் தேடிப் பரிசோதிக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நோயின் கணக்கு இந்தியாவிலேயே முதலில் எடுக்கப்பட்ட ஊர் எங்களுடையது. முன்னாள் தொழிலாளர்களுக்கு அரசுச் செலவில் நுரையீரல் பரிசோதனை, நோய் உறுதியானோர்க்கு இழப்பீடு, துணைவியர்க்கு ஓய்வூதியம்: இவற்றைக் கேட்பது கருணை கேட்பதன்று, பழைய பாக்கி கேட்பது. மேடுகளிலிருந்து எடுக்கப்போகும் தங்கத்தில் அந்தப் பாக்கிக்கு முதல் பங்கு.

தொழில் அமைப்புகள் இதைத் தம் மனுவில் எழுதுமா? எழுதலாம் என்றே நினைக்கிறேன். அவற்றில் சிறுதொழில் நடத்துவோரும் இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளை நல்ல ஊதியத்துக்கு வைத்திருப்போரும் இருக்கிறார்கள். எழுதாவிட்டால், ‘கோலார் மாவட்ட வளர்ச்சி’ என்ற தலைப்பையாவது மாற்றிக்கொள்ளட்டும்.

தங்கவயல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்பா, தாத்தாவின் சுரங்க மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே படம், சம்பளச் சீட்டு, மஸ்டர் எண் எழுதிய அட்டை எதுவாயினும் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவெளியில் பகிர வேண்டாம். கழிவு மேட்டுத் திட்டத்துக்குப் பொது விசாரணை என்று ஒரு நாள் அறிவிக்கப்படும். அன்று கூடத்துக்குப் போகும்போது அவை கையில் இருக்க வேண்டும்.